எங்கள் பிதாவும் எங்க வீடும்

என் ஐயாவுக்கு,

"ஆராதனைன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமா அம்மா?" என்று நீ ஒருநாள் என்னைக் கேட்டாய். அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாய். அடுப்பில் உலை பொங்கி வழிந்துகொண்டிருந்தது. நான் அகப்பையும் கையுமாக நின்றேன். தெரிந்துகொள்வதற்காகக் கேட்கும் கேள்வி ஒன்று, எதிரே நிற்பவர் வாயை அடைப்பதற்காகக் கேட்கும் கேள்வி ஒன்று. பள்ளிக்கூடத்திலேயே வயதைக் கழித்த எனக்கு இரண்டின் குரலும் தெரியும். வாயை அடைக்கும் கேள்விக்கு உடனே பதில் சொல்லிப் பயனில்லை. கேட்டவன் காதில் அது ஏறாது. அதனால் உலையை இறக்கி வைத்துவிட்டு, "சாப்பிட வா" என்று மட்டும் சொன்னேன். நீ சாப்பிடவில்லை. இப்போது உன் கடிதம் வந்திருக்கிறது. வேதசாஸ்திரப் படிப்பு முடிந்தது என்றும், வேம்பார்ப் பக்கத்தில் ஒரு சிறிய சபைக்கு உன்னை அனுப்புகிறார்கள் என்றும், வருகிற மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை நீயே முன்னால் நின்று ஆராதனை நடத்தப் போகிறாய் என்றும் எழுதியிருக்கிறாய். "முதல் பிரசங்கத்துக்கு எதை எடுத்துக்கொள்ளலாம், நீங்களே சொல்லுங்கள்" என்றும் கேட்டிருக்கிறாய். இது தெரிந்துகொள்வதற்காகக் கேட்ட கேள்வி. ஆகையால் பழைய கேள்விக்கும் புதிய கேள்விக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. உன்னோடு படித்த பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட விரும்பினாலும் காட்டு.

அந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். ஆனாலும் நான் பார்த்தபடி ஒருமுறை கேள். உன் அண்ணன் தங்கராஜ் துறைமுகத்தில் தோணிகளுக்குச் சரக்கு ஏற்றும் இடத்தில் வேலைக்குப் போனான். போன இடத்தில், கொழும்புக்குத் தோணி ஓட்டும் தண்டல் ஒருவருடைய மகளைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டான். பெண் பெயர் பிரகாசி. நம்மைப் போலச் சீர்திருத்தச் சபை அல்ல, தருவைகுளத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அவர்கள் சபையில் சேர்ந்து, அவர்கள் கோயிலிலேயே தாலி கட்டினான். பரீட்சை என்று சொல்லி நீ வரவில்லை. நான் போனேன். மறுவாரம் நீ விடுமுறைக்கு வந்திருந்தபோது, மாப்பிள்ளையும் பெண்ணும் முதல்முறையாக நம் வாசலுக்கு வந்தார்கள். பிரகாசி கையில் ஓர் ஓலைப்பெட்டி இருந்தது. "என்னலே, கோட்டு சூட்டெல்லாம் தைச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டே தங்கராஜ் செருப்பைக் கழற்றினான். நீ கதவுக்குக் குறுக்கே நின்றாய். "அவ கழுத்துல கிடக்கிற செபமாலையைக் கழட்டி வச்சுட்டு வரச் சொல்லு. இது எங்க வீடு. இங்கன ஜெபம் நடக்கு" என்றாய். அவன் சிரித்தான். நீ விளையாடுகிறாய் என்றுதான் அவன் நினைத்தான். "எங்க வீடா? ஏலே, அப்போ நான் எவன் வீட்டுலலே பொறந்தேன்? நம்ம வீடுன்னு வாயில வரலையோ?" என்றான். நீ ஒவ்வோர் எழுத்தாக, மெதுவாக, மறுபடியும் சொன்னாய்: "எங்க வீடுதான்."

அவன் சிரிப்பு நின்றுவிட்டது. கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டான். பிரகாசி மட்டும் உன் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். ஓலைப்பெட்டியை நடையில் வைத்து, "அத்தை, அப்பா குடுத்துவிட்ட சீலா மீனு. வெயிலு ஏறுனா கெட்டுப்போவும். சட்டுன்னு குழம்பு வச்சிருங்க" என்று சொல்லிவிட்டு அவன் பின்னால் போனாள். அதற்கப்புறம்தான் நீ அடுக்களைக்கு வந்தாய். "நீங்களும் அங்கன போயி முழங்கால் போட்டியளாமே. ஆராதனைன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாய்.

முழங்கால் போட்டது உண்மைதான். அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். பூசை முழுவதும் லத்தீனில் நடந்தது. எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று எனக்கு ஒன்றும் தெரியாது. எல்லாரும் முழங்காலில் இருக்கும்போது நான் மட்டும் கொடிமரம் மாதிரி நின்றேன். எல்லாரும் எழுந்தபோது நான் முழங்காலுக்குப் போனேன். பிரகாசியின் தாயார் என் முந்தானையை இழுத்து, "சம்மந்தியம்மா, மணியடிச்சா கீழ, சாமியார் திரும்புனா மேல. அம்புட்டுத்தான்" என்று காதில் சொல்லிக்கொடுத்தார்கள். ஆயிரம் பிள்ளைகளை எழுப்பி உட்கார வைத்த எனக்கு அன்றைக்கு அந்தம்மா டீச்சர். பிறகு தங்கராஜிடம், "லத்தீனிலே உனக்கு என்னப்பா புரிஞ்சுது?" என்று கேட்டேன். "நம்ம கோயில் பிரசங்கத்துல மட்டும் என்ன புரிஞ்சுதாம்? அங்கன தூங்குனேன். இங்கன மணியடிச்சு எழுப்பிருதாங்க" என்றான். அவன் எதையும் இப்படித்தான் பேசுவான். ஆனால் மணி அடித்த நேரத்தில் நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். அவன் தலை தாழ்ந்திருந்தது, உதடு அசைந்துகொண்டிருந்தது. பிள்ளை கரும்பலகையைப் பார்க்கிறதா, சன்னலுக்கு வெளியே பார்க்கிறதா என்று டீச்சருக்குத் தெரியும்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். வேதத்தில் முதன்முதல் ஆராதனை எங்கே நடந்தது என்று வகுப்பில் கேட்டால், பிள்ளைகள் நோவாவின் பலிபீடம் என்பார்கள், ஆபிரகாம் என்பார்கள். அதற்கெல்லாம் முன்பே ஒன்று நடந்துவிட்டது. கோயில் இல்லை, பாட்டு இல்லை, குருவானவர் இல்லை. அண்ணனும் தம்பியுமாக இரண்டு பேர், ஆளுக்கொரு காணிக்கை. ஒருவன் வயலில் விளைந்ததைக் கொண்டுவந்தான், ஒருவன் மந்தையில் ஈன்றதைக் கொண்டுவந்தான். உலகத்தின் முதல் ஆராதனையும் முதல் கொலையும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன, ஐயா. யாருடைய காணிக்கை சரி என்ற ஆத்திரத்தில்தான் அந்த முதல் ரத்தம் விழுந்தது. அதற்குப் பிறகு, தம்பியைக் கொன்ற காயீனிடம் தேவன் கேட்ட கேள்வியைக் கவனி. உன் பலிபீடத்துக் கல் எப்படிப்பட்டது, உன் ஜெபத்தில் எத்தனை வார்த்தை என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. உன் சகோதரன் எங்கே என்று கேட்டார்.

நீங்கள் இரண்டு பேரும் சிறுவர்களாக இருந்தபோது அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கை கொண்டுபோனது நினைவிருக்கிறதா? நீ மாதக்கணக்காக ஒரு சேவலை வளர்த்தாய். தங்கராஜ் வழக்கம்போல மறந்துவிட்டு, அன்று காலையில் உப்பளத்துப் பக்கம் ஓடி, ஒரு பெட்டி உப்பு வாங்கி வந்தான். "தூத்துக்குடியில போயி உப்பைக் காணிக்கை கொண்டாறான் பாருங்க" என்று நீ கோயில் வாசலிலேயே அவனைக் கேலி செய்தாய். பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது உன் சேவல் கயிற்றை அறுத்துக்கொண்டு பெஞ்சுக்குப் பெஞ்சு தாவியது. நீ வெட்கத்தில் அழுதாய். தங்கராஜ் எல்லாருடைய காலுக்கிடையிலும் தவழ்ந்து போய், சபை ஐயருடைய அங்கிக்குப் பக்கத்தில் அதை அமுக்கிப் பிடித்தான். பிடித்தவன் அதைத் தானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். உன்னிடம் வந்து, "ஏலே, உன் சேவல். நீயே குடு" என்று கையில் தந்தான். பழைய ஏற்பாட்டில் காணிக்கை எதுவானாலும் அதில் உப்பு சேர்க்கச் சொல்லியிருக்கிறது. உப்பு கெடாது, உடன்படிக்கையும் கெடக் கூடாது என்பதற்கு அது அடையாளம். நம் ஆண்டவர் அந்த உப்பையும் சமாதானத்தையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்தார்: உங்களுக்குள் உப்பு இருக்கட்டும், ஒருவரோடொருவர் சமாதானமாய் இருங்கள் என்ற கருத்தில். உப்புச் சாக்குகளுக்கு நடுவே வளர்ந்த நமக்கு இதை வேறு யாராவது வந்து விளக்க வேண்டுமா?

அடுத்தபடியாக எகிப்து. அடிமைப்பட்ட ஜனத்துக்காக மோசே பார்வோன் ராஜாவிடம் போய்க் கேட்டதைச் சாதாரணமாக விடுதலை என்று சொல்லிவிடுகிறோம். அவன் கேட்டது, எங்களை ஆராதிக்கப் போகவிடு என்பதுதான். எபிரெயத்தில் அடிமை வேலைக்கும் ஆராதனைக்கும் ஒரே சொல்தான் என்று நீ ஒரு விடுமுறையில் எனக்குச் சொன்னாய். அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். ஏனென்றால் நம் தமிழிலும் அப்படித்தானே! தொழு என்றால் கும்பிடு. தொழும்பு என்றால் அடிமைத்தனம். தொழில் என்றால் வேலை. மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை போலத்தான் எனக்குப் படுகிறது. மனிதன் யாருக்காவது தொழும்பனாகத்தான் இருப்பான். யாருக்கு என்பதுதான் கேள்வி. பார்வோனுக்கு வேலை செய்தவர்கள் செங்கல்லை எண்ணினார்கள். பாலைவனத்தில் கர்த்தருக்கு வேலை செய்தவர்களோ, அவர் தங்குவதற்கு ஒரு கூடாரம் நெய்தார்கள். ஜனங்கள் கூடாரத்தில் இருந்தார்கள், அவரும் கூடாரத்தில் வந்து இருந்தார். நாம் அவருடைய வீட்டுக்குப் போகிறோம் என்று நினைக்கிறோம். அவர்தான் முதலில் நம் தெருவுக்குக் குடிவந்தார். ஆராதனை அவர் வந்ததில் ஆரம்பிக்கிறது. நம்முடைய பாட்டும் ஜெபமும் அதற்குப் பதில்தான்.

அப்படி வந்தவர் பின்னொரு காலத்தில் தீர்க்கதரிசிகள் வாயால், உங்கள் பண்டிகையும் வேண்டாம், பாட்டும் வேண்டாம், நீங்கள் கை விரித்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன் என்று சொன்னாரே, ஏன்? பாட்டில் சுருதி தப்பியதாலா? தூபத்தில் கலப்படம் இருந்ததாலா? ஆராதனை முறை ஒன்றும் பிசகவில்லை. எல்லாம் எழுதியிருந்தபடியே நடந்தது. கோயிலுக்கு உள்ளே விரித்த கை, வெளியே ஒருவனை வாசலில் தள்ளிய அதே கை. அதை அவரால் பார்க்க முடியவில்லை.

கிணற்றடியில் ஆண்டவரோடு பேசிய சமாரியப் பெண்ணை எடுத்துக்கொள். அவள் கேட்டது நம் ஊர்க் கேள்வியேதான். எங்கள் முன்னோர் இந்த மலையில் தொழுதார்கள், நீங்கள் எருசலேமில்தான் தொழ வேண்டும் என்கிறீர்கள், எது சரி? மாதா கோயிலா, நம் கோயிலா என்று நம் கடைத்தெருவில் இன்றைக்கும் இதே சண்டைதான். அவர் எல்லாம் ஒன்றுதான் என்று மழுப்பவில்லை. தாம் அறிந்த உண்மையை அவள் முகத்துக்கு நேரே சொன்னார். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. அந்தச் சில வார்த்தைகளுக்குள் பிதா, பிதா என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உண்மையாய்த் தொழுகிறவர்களைப் பிதா தேடுகிறார் என்றார். அவள் மலையைப் பற்றிக் கேட்டாள், அவர் தகப்பனைப் பற்றிச் சொன்னார். ஏன் என்று நான் வெகுகாலம் யோசித்தேன். மலை என்று வந்தால் இந்த மலைக்காரர், அந்த மலைக்காரர் என்றாகிவிடும். தகப்பன் என்று வந்தால் அப்புறம் பிள்ளைகள்தான். பிள்ளைகள் என்றால் அண்ணன் தம்பிதான்.

இது எனக்குப் படிப்பில் விளங்கவில்லை. போன கார்த்திகையில் விளங்கியது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். பிரகாசியின் தகப்பனார் தோணி கடலில் இருந்தது. தங்கராஜ் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து நம் வீட்டில் விட்டுவிட்டு, சேதி கேட்கத் துறைமுகத்துக்கு ஓடினான். அவள் மழையில் நனைந்தபடி வாசல்படிக்கு வெளியிலேயே நின்றாள். "உள்ள வரலாமா அத்தை?" என்று கேட்டாள். ஐயா, நீ அன்று சொன்ன சொல் அந்த வாசலில் இன்னும் நின்றுகொண்டிருந்தது. "ஏளா, இது என்ன கேள்வி" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். தலையைத் துவட்டிவிட்டேன். காற்று ஓட்டைப் பிய்க்கிற மாதிரி அடித்தது. அவளுக்குப் பல்லெல்லாம் தந்தியடித்தது. "அத்தை, நீங்க உங்க செபத்தைச் சொல்லுங்க. நான் எங்க செபத்தைச் சொல்லுதேன்" என்றாள். "ரெண்டு பேருக்கும் மனப்பாடமா ஒண்ணு தெரியுமே, அதைச் சேர்ந்து சொல்லுவோம்" என்றேன்.

ஆரம்பித்தோம். பரமண்டலங்களில் இருக்கிற எங்கள் பிதாவே என்பது வரைக்கும் ஒன்றாகத்தான் போனோம். உம்முடைய நாமம் என்றதும் நான் பரிசுத்தப்படுவதாக என்றேன், அவள் அர்ச்சிக்கப்படுவதாக என்றாள். இரண்டும் முட்டிக்கொண்டன. இரண்டு பேரும் நிறுத்திவிட்டோம். அந்தப் பயத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க சொல்லுங்க அத்தை" என்றாள். "இல்லை, நீ சொல்லு" என்றேன். மறுபடி ஆரம்பித்து, இந்த முறை அவளுடைய சொல்லுக்கு நான் கொஞ்சம் காத்திருந்தேன், என்னுடையதற்கு அவள் காத்திருந்தாள். புதிதாக ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகள் முதலில் இடித்துக்கொண்டு, அப்புறம் நடை ஒத்துப்போவதில்லையா, அப்படிப் போனோம். பிறரை மன்னிக்கிறோம் என்கிற இடம் வந்தபோது அவள் குரல் இறங்கியது. யாரை நினைத்தாள் என்று நான் கேட்கவில்லை. தோணி மன்னார்ப் பக்கம் ஒதுங்கி நிற்கிறது என்று அப்புறம் சேதி வந்தது. அது வராமலே போயிருந்தாலும் அன்று நாங்கள் செய்தது ஆராதனைதான். என் வயதுக்கு எத்தனையோ பெரிய ஆராதனைகளில் இருந்திருக்கிறேன். நம் அடுக்களையில் நடந்த அதற்கு ஈடாக ஒன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அந்த ஜெபத்தில் இரண்டு பேரும் முட்டாமல் சொன்ன ஒரு சொல்லைப் பற்றித்தான் உனக்கு எழுத வந்தேன். பிதாவே என்பதற்கு முன்னால் நிற்கிற சொல்: எங்கள். தன்மைப் பன்மையை நான் வகுப்பில் எப்படி நடத்துவேன் என்று சொல்லட்டுமா? ஒரு பிள்ளையை எழுப்பி நிறுத்துவேன். இன்னொருத்தியை அவளிடம் அனுப்பி, "நாங்கள் சாப்பிடப் போகிறோம்" என்று சொல்லச் சொல்வேன். "உனக்குச் சோறு உண்டா?" என்று நிற்கிறவளைக் கேட்பேன். "இல்லை டீச்சர்" என்பாள். "நாம் சாப்பிடப் போகிறோம்" என்று மாற்றிச் சொல்லச் சொல்வேன். நிற்கிறவள் முகம் மலரும். "எனக்கும் இலை போட்டாச்சு டீச்சர்" என்று ஒருத்தி சொன்னாள். அவ்வளவுதான் இலக்கணம். நாங்கள், எங்கள் என்றால் கேட்கிறவர் வெளியே. நாம், நம் என்றால் கேட்கிறவரும் உள்ளே. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். அங்கே யார் உள்ளே, யார் வெளியே என்று தெரியாமலே பேசிவிடலாம். தமிழன் வாயைத் திறந்தால் வாசல் திறந்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

இப்போது பார். எங்கள் பிதாவே என்று நாம் யாரிடம் சொல்கிறோம்? பிதாவிடம். கேட்கிறவர் அவர். ஆகையால் அந்தச் சொல்லுக்கு வெளியே நிற்பவர் அவர் ஒருவர்தான். அவர் நமக்குத் தகப்பன், நம்மோடு சேர்த்து எண்ணத்தக்க இன்னொரு பிள்ளை அல்ல; அதனால் இலக்கணமும் சரி, வேதசாஸ்திரமும் சரி. அவரைத் தவிர வேறு யாரையும் வெளியே நிறுத்த அந்தச் சொல்லில் இடமில்லை. அந்த ஜெபத்தைச் சொல்லும் ஒவ்வொருவனும் அதற்குள் இருக்கிறான்: நான் இருக்கிறேன், நீ இருக்கிறாய், செபமாலையோடு பிரகாசி இருக்கிறாள், தங்கராஜ் இருக்கிறான். ஆனால் நீ அன்றைக்கு இதே சொல்லை உன் அண்ணன் முகத்துக்கு நேரே சொன்னாய். எங்க வீடு என்றாய். கேட்டவன் அவன். வெளியே போனவனும் அவன். நீ அவனைத் திட்டியிருந்தால் அவன் மறந்திருப்பான். அவன் கேட்டதெல்லாம் நம்ம என்ற ஒரு சொல்லைத்தான். ஒரே சொல்லால் பரலோகத்தைத் திறந்து, அதே சொல்லால் வீட்டை அடைக்க முடியாது, ஐயா.

அவர்கள் வழிபாட்டில் எல்லாவற்றையும் நான் ஒப்புக்கொண்டேன் என்று நினைக்காதே. மாதா சுரூபத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்ற எனக்கு இன்னும் கை வராது. ஆராதனை ஜனங்களுடைய பாஷையில் நடக்க வேண்டும் என்பதில் நான் அசைய மாட்டேன். நீ படித்திருக்கிறாய், அவற்றைப் பற்றி அவர்கள் சாமியாரோடு உட்கார்ந்து பேசு, வாதாடு. ஆனால் ஒன்று உன் மனச்சாட்சியிடம் கேள். என்னிடம் பதில் சொல்ல வேண்டாம். அன்றைக்கு உனக்கு உறுத்தியது செபமாலையா, அல்லது அந்த ஓலைப்பெட்டியிலிருந்து வந்த மீன் வாசமா? கடற்கரைக்காரியைக் கட்டிக்கொண்டான் என்று நம் சொந்தக்காரர்கள் பேசியது உன் காதிலும் விழுந்தது என்று எனக்குத் தெரியும். மனிதருடைய இளப்பத்துக்கு வேத வசனத்தால் உடை தைத்துப் போட்டால் அது பார்வைக்கு அழகாகத்தான் இருக்கும். உயிர்த்தெழுந்த நம் ஆண்டவர் ஒரு விடியற்காலையில் கடற்கரையில் கரி நெருப்பு மூட்டி, மீன் சுட்டு வைத்துக்கொண்டு தம் சீஷருக்காகக் காத்திருந்தார். நீங்கள் பிடித்ததிலும் கொஞ்சம் கொண்டுவாருங்கள் என்றார். நெருப்பு அவர் மூட்டியது, முதல் மீன் அவர் வைத்தது, அதோடு அவர்களுடையதும் சேர்ந்தது. ஆராதனைக்கு இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது. அந்த வரிசையில் பேதுருவும் நின்றான். அவர் பிடிபட்ட இரவில், இன்னொரு கரி நெருப்பு முன்னால் அவரைத் தெரியாது என்று சொன்னவன். அவனிடம் முதலில் கணக்குக் கேட்கவில்லை. வா, சாப்பிடு என்றுதான் சொன்னார்.

உன் கடிதத்தில் பாதிப் பக்கம், பிரிந்து கிடந்த சபைகள் நம் தேசத்தில் ஒன்றாகச் சேரப் போகின்றன என்ற சந்தோஷத்தை எழுதியிருக்கிறாய். எனக்கும் அது சந்தோஷம்தான். நல்ல காலம் வருகிறது. தேசத்துக்குச் சுதந்திரமாக வருகிறது, சபைக்கு ஐக்கியமாக வருகிறது. அதைப் பார்க்க உயிரோடிருப்பதற்காக நான் ஸ்தோத்திரம் செய்கிறேன். உன்னைப் பற்றியும் எனக்குப் பயமில்லை. சேவலால் வெட்கப்பட்டு அழுத பிள்ளைக்கு மனம் கல்லாகப் போகாது. தங்கராஜும் ஒவ்வொரு முறை வரும்போதும், "உங்க ஐயரு எப்படி இருக்காரு? தலையில கொம்பு முளைச்சுட்டா?" என்று கேட்காமல் போகமாட்டான். நீ நடத்தப் போகும் முதல் ஆராதனையைப் பற்றி அவனிடம் சொன்னேன்.  "எங்க சாமியாரு உங்க கோயிலுக்குள்ள போகக் கூடாதும்பாரு. சன்னலுக்கு வெளிய நிக்கக் கூடாதுன்னு அவரு சொல்லலை. நான் வந்து நிப்பேன் அம்மா. தம்பி முத முத பேசுதான், கேக்காண்டாமா?" என்றான்.

அவன் வருவான். சொன்னால் செய்கிறவன். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ முன்னால் நின்று சபையோடு எங்கள் என்று சொல்லும்போது, உன் அண்ணன் சன்னலுக்கு வெளியே வெயிலில் நின்று அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டிருப்பான். அது பரலோகத்தின் எங்களா, நம் வாசலில் கேட்ட எங்களா என்று அவனுக்கு எப்படித் தெரியும்? பலிபீடத்தில் காணிக்கை வைக்கப் போகும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு முதலில் அவனிடம் போ என்று நம் ஆண்டவர் சொன்னார். உனக்கு அவ்வளவு சிரமமும் இல்லை. வேம்பாருக்குப் போகும் பஸ் தருவைகுளம் விலக்கில், ரோடு பிரிகிற இடத்தில், நின்றுதான் போகிறது. உன் பலிபீடத்துக்குப் போகும் வழியிலேயே உன் அண்ணன் வீட்டைக் கர்த்தர் வைத்திருக்கிறார். வேதத்தின் கடைசியில் வரும் நகரத்தில் கோயிலே கிடையாது, நீ படித்திருப்பாய். அங்கே வாசல்கள் உண்டு. அவை அடைக்கப்படுவதே இல்லை.

என்ன பிரசங்கிக்கலாம் என்று கேட்டாய். அதை நீயே தேர்ந்துகொள். எதை எடுத்தாலும் நன்றாகத்தான் பேசுவாய். நான் சொல்வது ஒன்றுதான். சனிக்கிழமை மத்தியானம் விலக்கில் இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வாசலுக்குப் போ. மன்னிப்பு என்று பெரிய பேச்சு ஒன்றும் எடுக்க வேண்டாம், அவனுக்கும் அது பிடிக்காது. செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்து, இதை மட்டும் கேட்டுப் பார்: "மதினி, நம்ம வீட்டுல இன்னைக்கு என்ன மீனு?"

உன் அம்மா